தலைவலிதானே என்று விட்டுவிடாதீர்கள்!

தலைவலி வராத ஆபீஸ்காரர் உண்டா, சொல்லுங்கள்! மாதக் கடைசியில் வரும். மானேஜர் "கொஞ்சம் உள்ளே வந்துட்டுப் போங்க" என்றால் வரும். மச்சினனுக்குக் கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகை வருவதற்கு முன்பே தலைவலி வந்துவிடும். ஒரு மாத்திரை, ஒரு ஸ்ட்ராங் காபி... கதை முடிந்தது.

ஆனால், நம் நடுவே சிலர் இருக்கிறார்கள். பார்த்தால் நம்மைப் போலத்தான். அதே பஸ், அதே டிபன் பாக்ஸ், அதே அரியர்ஸ் கவலை. ஆனால் அவர்களுக்கு வரும் தலைவலியை மட்டும் காபி குடித்துத் தீர்க்கக் கூடாது. அவர்கள், இன்னொருவரின் உறுப்பை உடம்பில் சுமந்து வாழ்பவர்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்து சீட் நண்பர். முப்பத்திரண்டு வயசு. இரண்டு கிட்னியும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று அலைந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தார். ஆபரேஷன் ஜோராக முடிந்தது. காலையும் மாலையும் மணி அடித்தாற்போல் மாத்திரை. மற்றபடி, கேன்டீன் போண்டாவைக் குறை சொல்வதில் அவர்தான் முதல் ஆள்! (இந்த நண்பர் கற்பனை. ஆனால் இவருக்கு இனி நடக்கப்போவதெல்லாம் ஆஸ்பத்திரிகளில் நிஜமாக நடப்பவை.)

ஒரு திங்கட்கிழமை அவருக்கு லேசாகத் தலை வலித்தது. "ஏ.சி. ஒத்துக்கலைப்பா" என்றார். அடுத்த வாரமும் வலித்தது. சாயந்தரமானால் லேசாக ஜுரம். மூன்றாவது வாரம் ஃபைலில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வீட்டில் அம்மா, "என்னடா இது... கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கற?" என்று கேட்டபோது, ஒரு நிமிஷம் யார் கேட்கிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை.

அம்மா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நல்லவேளை, போனார்! ஏனென்றால், மகனின் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சை வளர்ந்துகொண்டிருந்தது.

பூஞ்சையா? பழைய ரொட்டியில் பூக்குமே, மழைக்காலத்தில் செருப்பில் படருமே... அதுவா? மூளையிலா?

ஆமாம், அந்தக் குடும்பம்தான்.

காவல்காரனுக்குத் தூக்க மருந்து

நம் உடம்பில் ஒரு காவல்காரன் இருக்கிறான். நோய் எதிர்ப்புச் சக்தி என்று பெயர். ரொம்பக் கறாரான ஆள். உள்ளே வருவது யார், நம்மவரா, வெளியாளா என்று பார்ப்பான். வெளியாள் என்றால் அடித்து நொறுக்கிவிடுவான்.

சிக்கல் என்னவென்றால், பெற்ற தாயின் கிட்னி என்றாலும் அவனுக்கு அது வெளியாள்தான். "நான் இவனுக்கு அம்மாப்பா" என்ற சிபாரிசெல்லாம் அவனிடம் எடுபடாது.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷனைச் செய்தார். எப்படி முடிந்தது? கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சில் வார்த்த இரட்டையர்கள். காவல்காரனுக்கு வித்தியாசம் தெரியவில்லை! முர்ரேவுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1971-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது.

ஆனால், கிட்னி தேவைப்படும் எல்லோருக்கும் இரட்டைச் சகோதரன் இருப்பானா? அதனால் காவல்காரனை அரைத் தூக்கத்தில் வைக்க ஒரு மருந்து வேண்டியிருந்தது. முழுக்கத் தூங்கவிட்டால் ஊரிலுள்ள கிருமியெல்லாம் உள்ளே வந்துவிடும். முழுக்க விழித்திருந்தால் கிட்னி போய்விடும். கண்ணை மூடியும் மூடாமலும் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

லீவில் போனாலும் ஆபீஸ் வேலை!

அந்த மருந்து கிடைத்த கதை சுவாரஸ்யமானது. சுவிட்சர்லாந்தில் சாண்டோஸ் என்று ஒரு மருந்துக் கம்பெனி. அங்கே ஒரு வழக்கம்: லீவில் வெளியூர் போகும் ஊழியர்கள், போன இடத்தில் கொஞ்சம் மண் அள்ளி வர வேண்டும். (நம் மானேஜர்கள் கண்ணில் இந்தப் பாரா படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!) அப்படி 1969-ல் நார்வே நாட்டு மலைப்பீடபூமி ஒன்றிலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது.

அவர்கள் தேடியது பூஞ்சையைக் கொல்லும் மருந்தை. இந்தப் பூஞ்சை சுரந்த சரக்குக்கு அந்தத் திறமை சுமார்தான். ஆனால் 1970-களின் தொடக்கத்தில் சோதித்தபோது, அது நோய் எதிர்ப்புச் சக்தியை அழகாக அடக்குவது தெரிந்தது. அதுதான் சைக்ளோஸ்போரின். 1983-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகுதான் உறுப்பு மாற்று சிகிச்சை உலகம் முழுக்க வேகம் பிடித்தது. அடுத்து வந்த டாக்ரோலிமஸ் மருந்து ஜப்பான் மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவின் உபயம்.

ஆக, ஒரு பூஞ்சை கொடுத்த வரத்தால் லட்சக்கணக்கானோர் பிழைத்தார்கள். அந்த வரத்தாலேயே காவல்காரன் அசந்திருக்கும் நேரம் பார்த்து, இன்னொரு பூஞ்சை உள்ளே நுழைகிறது!

புறா எச்சத்திலிருந்து மூளைக்கு...

நம் நண்பரைப் பிடித்த ஆசாமியின் பெயர் கிரிப்டோகாக்கஸ். பேக்கரி ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட் மாதிரி ஒற்றைச் செல் பூஞ்சை. மண்ணில் இருக்கும், சில மரங்களில் இருக்கும், புறா எச்சத்தில் தாராளமாக இருக்கும். காய்ந்து தூசியாகி, காற்றில் கலந்து, மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். நீங்களும் நானும் இதை எத்தனையோ தடவை சுவாசித்திருப்போம். நம் காவல்காரன் வாசலிலேயே மடக்கிவிடுவான்.

அரைத் தூக்கக் காவல்காரனால் அது முடியாது. பூஞ்சை நுரையீரலில் பதுங்கும். பிறகு ரத்தத்தில் ஏறும். அங்கிருந்து அதற்குப் பிடித்த இடமான மூளைக்குப் போய்ச் சேரும். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று குடும்பமே நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் இது தலைகாட்டும். அதுவும் தடதடவென்று வராது. வாரக்கணக்கில், மெதுவாக, சாதாரணத் தலைவலி வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஜுரம்கூட எல்லோருக்கும் வருவதில்லை. ஜுரத்தை உண்டாக்குவதே காவல்காரன்தானே, அவன்தான் தூங்குகிறானே!

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் மிக அவசர கவனம் தேவை என்ற முதல் வரிசையில் இருக்கும் நான்கு பேரில் கிரிப்டோகாக்கஸும் ஒருவர்.

முதுகில் ஓர் ஊசி

"முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னால் நம் ஜனங்கள் அலறிவிடுவார்கள். "அய்யய்யோ, முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடுமாமே!" என்று ஒரு பெரியம்மா ஆரம்பிப்பார். கால் போகாது. சொல்லப்போனால், இந்த நோயில் அந்த ஊசிதான் உயிரைப் பிடித்து வைக்கிறது.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டு கறுப்பு மை கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அந்த மைக்கு 'இந்தியா இங்க்' என்று பெயர்! கிரிப்டோகாக்கஸ் தன்னைச் சுற்றி ஜெல்லி மாதிரி ஒரு கோட்டு போட்டிருக்கும். மை அதற்குள் நுழையாது. அதனால் கறுப்பு வானத்தில் வெள்ளை வெள்ளையாக நிலாக்கள் தெரியும். இப்போது அந்த ஜெல்லிச் சரக்கைப் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டைகளும் வந்துவிட்டன.

நீர் எடுப்பது சோதனைக்கு மட்டுமில்லை, சிகிச்சைக்கும்தான். பூஞ்சையின் ஜெல்லி, அந்த நீர் வடியும் வழிகளை அடைத்துவிடும். குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான். தலைக்குள் அழுத்தம் ஏறும், பார்வை போகும், உயிரும் போகலாம். அந்த அழுத்தத்தை அளந்து பார்ப்பார்கள். 25 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்து நோயாளி அவதிப்பட்டால், நீரை வடித்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். தேவைப்பட்டால் தினமும்! பூஞ்சை மருந்து வேலை செய்ய நாளாகும். அதுவரை ஆளைக் காப்பாற்றுவது இந்த 'விசில்'தான்.

அமுதமா, விஷமா?

சரி, மருந்துக்கு வருவோம். இதுவும் மண் கொடுத்ததுதான். தென் அமெரிக்காவில், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்டது ஆம்ஃபோடெரிசின்-பி. பூஞ்சையின் தோலில் கொலஸ்ட்ரால் மாதிரியே ஒரு கொழுப்பு இருக்கிறது. மருந்து அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடும். பூஞ்சை காலி.

ஆனால் நம் செல்களின் தோலில் இருப்பது அசல் கொலஸ்ட்ரால். மருந்துக்குச் சில சமயம் ஆள் அடையாளம் தெரியாது. குளிர் நடுக்கம், ஜுரம், வாந்தி... ஆங்கிலம் பேசும் டாக்டர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயரே 'ஆம்ஃபோ-டெரிபிள்'!

இதையெல்லாம்விடப் பெரிய கஷ்டம், இது கிட்னியைக் கெடுக்கும் என்பதுதான். நம் நண்பருக்கு இருப்பதோ ஒரே கிட்னி. அதுவும் அம்மா கொடுத்தது. மூளையைக் காப்பாற்றப்போய் கிட்னியைப் பறிகொடுப்பதா?

"கிட்னி போனாலும் போகட்டும் டாக்டர்... என் புள்ளை பொழைச்சா போதும்" என்கிறார் அந்த அம்மா.

"ரெண்டையும் காப்பாத்தத்தாம்மா பார்க்கிறோம்" என்கிறார் டாக்டர்.

கிட்னி போனால் திரும்பவும் டயாலிசிஸ் என்று ஒரு வழியாவது இருக்கிறது. இதயமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவருக்கு அந்த வழியும் கிடையாது.

இங்கேதான் விஞ்ஞானம் ஒரு தந்திரம் செய்தது. அதே மருந்தை, கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் பொதிந்து கொடுத்தார்கள். கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் என்று பெயர். கிட்னிக்குச் சேதம் குறைவு, விலைதான் எக்கச்சக்கம்! உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு இதையே கொடுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான மருத்துவ விதி. கூடவே ஃப்ளூசைட்டோசின் என்ற மாத்திரை. இதைக் கிட்னியின் வேகத்துக்குத் தகுந்தபடி அளந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் குறைந்துவிடும்.

குறைந்தது இரண்டு வாரம் இந்த ஜோடி. பிறகு எட்டு வாரம் ஃப்ளூகோனசோல் மாத்திரை. அதற்குப் பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை அதே மாத்திரை, குறைந்த அளவில். 'தலைவலி போயிடுச்சே' என்று பாதியில் நிறுத்தினால் பூஞ்சை மறுபடி கிளம்பும்.

லீவில் போன கிளார்க்

ஃப்ளூகோனசோல் ஆரம்பித்ததும் இன்னொரு கூத்து நடக்கும். இதை ஆபீஸ் பாஷையில் சொன்னால்தான் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

கல்லீரலில் ஒரு கிளார்க் இருக்கிறார். டாக்ரோலிமஸ் என்ற ஃபைல் வர வர, பைசல் பண்ணி அனுப்பிக்கொண்டே இருப்பது அவர் வேலை. ஃப்ளூகோனசோல் வந்து அவரைக் கட்டாய லீவில் அனுப்பிவிடுகிறது. என்ன ஆகும்? மேஜை மேல் ஃபைல் குவியும். அதாவது, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எகிறும். கிட்னி பாதிக்கும், கை நடுங்கும், காவல்காரன் இன்னும் ஆழ்ந்து தூங்கிவிடுவான். அதனால் டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்து, ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

அத்தோடு முடிந்ததா? ஒரு வருஷம் கழித்து ஃப்ளூகோனசோலை நிறுத்தினால், கிளார்க் லீவு முடிந்து டியூட்டிக்குத் திரும்புவார். வந்த வேகத்தில் எல்லா ஃபைலையும் பைசல் பண்ணுவார். டாக்ரோலிமஸ் அளவு சரியும், காவல்காரன் விழித்துக்கொள்வான், கிட்னிக்கு ஆபத்து. ஆகவே அப்போது அளவை ஏற்ற வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிடும் நம் ஊர்ப் பழக்கம் இவர்களுக்கு ஏன் ஆகாது என்று புரிகிறதா?

காவல்காரனை எழுப்பிவிடலாமா?

"இவ்வளவு அவஸ்தை எதுக்கு? காவல்காரனைத் தட்டி எழுப்பிட்டா அவனே பூஞ்சையை அடிச்சு விரட்டிடுவானே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், திடீரென்று எழுப்பினால் இரண்டு விபரீதங்கள்.

ஒன்று, எழுந்தவன் முதலில் அம்மாவின் கிட்னியைத்தான் பார்ப்பான்.

இரண்டாவது இன்னும் விசித்திரம். மருந்தில் செத்த பூஞ்சைகளின் மிச்சம் மீதி மூளைச் சவ்வில் கிடக்கும். அரைத் தூக்கத்தில் எழுந்தவன் அதைப் பார்த்து மிரண்டு, கண்மண் தெரியாமல் கம்பைச் சுழற்றுவான். மறுபடி தலைவலி, ஜுரம், குழப்பம். பார்ப்பவர்களுக்கு நோய் திரும்பிவிட்டது போலவே தோன்றும். ஆனால் நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தால் பூஞ்சை வளராது. இப்போது அடிப்பது எதிரியில்லை, நம் காவல்காரனேதான்! அந்த நேரத்தில் பூஞ்சை மருந்தை ஏற்றிப் பயனில்லை. நிலைமை மோசமானால், காவல்காரனைச் சற்று அடக்க ஸ்டீராய்டுதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனவே, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள். முதலில் பெரும்பாலும் ஸ்டீராய்டில் கை வைப்பார்கள். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் வகையைக் கூடியவரை விட்டுவைப்பதில் ஒரு சின்ன லாபமும் உண்டு. கிரிப்டோகாக்கஸ் நம் உடம்புச் சூட்டில் வளர ஒரு புரதம் தேவை. இந்த மருந்துகள் முடக்குவது அதே புரதத்தைத்தான் என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். காவல்காரனுக்குக் கொடுத்த தூக்க மருந்தில் திருடனுக்கும் கொஞ்சம் மயக்கம்!

இன்னும் இரண்டு வில்லன்கள்

மூளைக்குப் போகும் பூஞ்சை இது ஒன்றுதானா என்றால், இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ஒரு பயங்கரம் உண்டு. பழைய கட்டடம் இடிக்கும் தூசியில் பறக்கும். நுரையீரலில் இறங்கி, ரத்தக் குழாய்களைத் துளைத்து, மூளைக்குள் கட்டியாகவும் பக்கவாதமாகவும் வெளிப்படும். ஒரு காலத்தில் மூளைக்கு வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைத்ததில்லை. ஆம்ஃபோடெரிசின் மூளைக்குள் அவ்வளவாக இறங்காது. 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோரிகோனசோல் மூளைக்குள் நன்றாக இறங்கும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், மூளையில் இந்தப் பூஞ்சை தாக்கிய 81 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், 35 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. ஆபரேஷனில் கட்டியை எடுக்க முடிந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். 'முப்பத்தைந்துதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து ஏறி வந்த முப்பத்தைந்து அது!

மற்றவன், 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது நாம் எல்லோரும் பெயர் கேட்டுப் பயந்த 'கறுப்புப் பூஞ்சை'. மூக்கில் ஆரம்பித்து, கண் வழியாக மூளைக்கு ஏறும். அவனிடம் வோரிகோனசோல் செல்லாது. செத்த சதையை வெட்டி எடுத்து, லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசினை ஏற்ற வேண்டும். ஆக, 'ஏதோ பூஞ்சை' என்றால் போதாது. எந்தப் பூஞ்சை என்று தெரிந்தாக வேண்டும். ஆள் மாறினால் ஆயுதமும் மாறும்.

மறுபடி அதே சீட்டில்...

நம் நண்பர் என்ன ஆனார்? தினம் தினம் முதுகு ஊசி, இரண்டு வாரத்துக்கு மேல் டிரிப்ஸ், ஏறி இறங்கும் கிட்னிக் கணக்கு... கடைசியில் வீடு திரும்பினார். இந்த நோயில் எல்லோருக்கும் முடிவு இப்படி இனிப்பாக அமைவதில்லை. தாமதமாக வந்தவர்கள், குழம்பிய நிலையில் வந்தவர்கள் பலர் திரும்பவில்லை. நண்பரைக் காப்பாற்றிய மருந்துகளில் முதல் மருந்து எது தெரியுமா? "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கற" என்று ஒரு தாய் கவனித்தாரே, அதுதான்!

உறுப்பு மாற்று என்றாலே பயம் வேண்டாம். செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பூஞ்சை வருவதே இல்லை. வரும் சிலரைக் காப்பாற்ற, பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணும் காதும் வேண்டும். அவ்வளவுதான்.

பக்கத்து சீட்டுக்காரர் கவனத்துக்கு:

● உறுப்பு மாற்றிக்கொண்ட நண்பருக்கு நாள் கணக்கில் தலைவலி என்றால், உங்கள் டிராயரில் இருக்கும் மாத்திரையை நீட்டாதீர்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே அனுப்புங்கள். ஜுரம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம்.

● வேறு டாக்டரிடம் போனால், "எனக்கு இன்னொருவர் கிட்னி இருக்கிறது" என்பதுதான் அவர் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

● புறாக் கூண்டைச் சுத்தம் செய்வது, கட்டடம் இடிக்கும் தூசியில் நிற்பது... இந்த வேலைகளுக்கு வேறு ஆள் பார்க்கலாம்.

● எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது, தானாகச் சேர்க்கவும் கூடாது. காவல்காரனைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும் டாக்டர் வேலை.

அப்புறம், உங்களுக்கு வரும் அந்த மாதக் கடைசித் தலைவலி? அதற்கு மட்டும் ஒன்றாம் தேதி வரை காத்திருங்கள். தானாகச் சரியாகிவிடும்!